அரிப்புக் கரையில் ஒரு தேசாதிபதியின் மாளிகை

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில் அமைந்துள்ள அரிப்புக் கிராமத்துக்குச் சென்றவர்கள், கடலை நோக்கிய மண்மேட்டின் விளிம்பில் கூரையிழந்து நிற்கும் செங்கற் சுவர்களைக் கண்டிருப்பார்கள். எமது மக்கள் அதனை அல்லிராணி கோட்டை என்றே அழைக்கின்றனர். அல்லி அரசாணி இக்கரையிலிருந்து முத்துக்குளிப்பை ஆண்டாள் என்பது தலைமுறைகளாக வழங்கிவரும் கதை. அக்கதைக்கு உரிய மதிப்பைக் கொடுக்கும் அதேவேளை, அந்தச் சுவர்களை எழுப்பியவர் யார் என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். இலங்கையின் முதலாவது பிரித்தானிய தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த் என்பவரே முத்துக்குளிப்பை நேரில் மேற்பார்வை செய்வதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைக் கட்டுவித்தார். கிரேக்கக் கட்டடக் கலையின் டொரிக் பாணியில் அமைந்தமையால் டொரிக் மாளிகை என்ற பெயரும் அதற்கு ஏற்பட்டது.

பழம்பொருட்களுக்குச் சேகரிப்போர் கொடுக்கும் விலைகள் இன்று எம்மை மலைக்க வைக்கின்றன. பேஸ்போல் வீரர் ஒருவரின் படம் அச்சிடப்பட்ட 1952ஆம் ஆண்டுக் காகித அட்டை ஒன்று 2022ஆம் ஆண்டு அமெரிக்காவில் 126 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் அணிந்திருந்த முத்துப் பதக்கம் ஒன்று 2018ஆம் ஆண்டு ஜெனீவாவில் சுமார் 360 இலட்சம் டொலருக்கு விற்பனையானது. உலகின் சிறந்த முத்துக்களுள் ஒரு பகுதியைப் பல நூற்றாண்டுகளாக வழங்கிய கடலின் ஓரத்தில் வாழும் நாம், ஒரு பொருளுக்கு இவ்வாறான பெறுமதி எங்கிருந்து வருகிறது, அது எப்போது இல்லாது போகிறது என்று சிந்திப்பதற்கு நோர்த்தின் வாழ்க்கை தக்கதொரு வாய்ப்பாகும். ஏனெனில் இக்கடலின் முத்தை விற்றுப் பணம் சேர்க்க முயன்ற அந்த மனிதரே, பிற்காலத்தில் தமது பணத்தையெல்லாம் நூல்களிலும் கையெழுத்துப் பிரதிகளிலும் செலவிட்ட பெருஞ் சேகரிப்பாளராக விளங்கினார்.

நோர்த் 1766ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி பிறந்தார். இவருடைய தந்தையார் நோர்த் பிரபு 1770 முதல் 1782 வரை பிரித்தானியாவின் பிரதமராக இருந்தவர். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானியாவின் கையை விட்டுப் போன காலத்தில் ஆட்சியில் இருந்தவர் என்பதால் வரலாற்றின் பழிச்சொல்லுக்கும் ஆளானவர். இளைய மைந்தரான பிரெடெரிக், ஈட்டன் பள்ளியிலும் ஒக்ஸ்போர்டிலும் கல்வி கற்றார். இளமையிலேயே கிரேக்க மொழியிலும் பண்பாட்டிலும் ஆழ்ந்த பற்றுக் கொண்டார். 1791ஆம் ஆண்டு ஜனவரியில், இன்னும் 25 வயது நிறையாத நிலையில், கோர்புத் தீவில் கிரேக்க மரபுவழித் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். அரச பதவிகளை எதிர்பார்த்த ஆங்கிலப் பிரபு குடும்பத்து இளைஞர் ஒருவர் அக்காலத்தில் இத்தகைய முடிவை எடுத்தது சாதாரண விடயமன்று. பின்னர் பாராளுமன்ற உறுப்பினராகவும், கோர்சிக்காத் தீவு சிறிது காலம் பிரித்தானியரின் வசமிருந்தபோது அங்கு அரச செயலாளராகவும் பணியாற்றினார்.

1796ஆம் ஆண்டு ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரப் பகுதிகள் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்கு மாறின. கம்பனி அதிகாரிகளின் வரிக்கொடுமையால் 1797ஆம் ஆண்டு மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதன் பின்னரே அரசு தன் சார்பில் ஒரு தேசாதிபதியை அனுப்பத் தீர்மானித்தது. 1798ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் திகதி நோர்த் பதவியேற்றார். அப்போது அவருக்கு வயது 32. 1802ஆம் ஆண்டிலேயே இலங்கை முழுமையான முடிக்குரிய குடியேற்ற நாடானது.

அவர் வந்து சேர்ந்த வேளையில் மன்னார்க் கடல் பிரித்தானியரின் கண்களுக்கு ஒரு பொற்சுரங்கமாகவே தோன்றியிருந்தது. 1796, 1797, 1798 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ச்சியாக முத்துக்குளிப்பு நடத்தப்பட்டது. 1798ஆம் ஆண்டில் மாத்திரம் அதன் வருமானம் 1 இலட்சம் ஸ்டேர்லிங் பவுணைத் தாண்டியது. கறுவாவுக்கு அடுத்தபடியாக இத்தீவின் செல்வம் முத்தே என்று அவர்கள் கணக்கிட்டனர். ஆனால் முத்துச்சிப்பி முற்றுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். மூன்று பருவங்களில் பார்கள் அள்ளித் துடைக்கப்பட்டதன் விளைவை 1799ஆம் ஆண்டு காட்டியது. வருமானம் சரேலென வீழ்ந்தது. நோர்த் பொறுப்பேற்ற கடல், அவருக்கு முன்னரே கறக்கப்பட்டு விட்ட பசுவாக இருந்தது.

முத்துக்குளிப்பு நடைபெற்ற முறையை எமது இளைய தலைமுறையினர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பருவத்துக்கு முன்னர் பெரிய பார், சேவல் பார் முதலான பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகள் எடுக்கப்பட்டு அவற்றின் முத்துக்கள் மதிப்பிடப்படும். மதிப்பு திருப்தியளித்தால் குளிப்பு அறிவிக்கப்படும். உடனே வெறும் மணற்பரப்பாகக் கிடந்த அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் ஓலைக் கொட்டில்களாலான ஒரு நகரமே எழும்பும். தூத்துக்குடியிலிருந்து கத்தோலிக்கப் பரதவர்களும், கீழக்கரையிலிருந்து முஸ்லிம் குளியாளிகளும் மரைக்காயர் வணிகர்களும் வருவார்கள். பிற்காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியக் குளியாளிகளும் பெருந்தொகையாக வந்தனர். நள்ளிரவில் நிலக்காற்றோடு புறப்படும் தோணிகள் விடியும்போது பாரை அடைந்திருக்கும். ஒரு தோணியில் 10 குளியாளிகள் இருந்தால் ஐவர் காலில் கல்லைக் கட்டி இறங்குவர், ஐவர் இளைப்பாறுவர். சுறாவின் வாயைக் கட்டுவதாகக் கருதப்பட்ட கடல்கட்டிகளுக்கும் அரசே ஊதியம் வழங்கியது. மந்திரம் ஓதப்படாமல் குளியாளிகள் கடலில் இறங்க மாட்டார்கள் என்பது அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

நண்பகலுக்குப் பின் கடற்காற்றோடு தோணிகள் கரை திரும்பும். சிப்பிகள் பங்கிடப்படும். நோர்த்தின் காலத்தில் தோணியாருக்குக் கிடைத்தது கால் பங்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மூன்றில் ஒரு பங்காயிற்று. மீதியை அரசோ குத்தகைகாரரோ ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்பார்கள். இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஏலத்தில் வாங்குபவர் முத்தை வாங்குவதில்லை. திறக்கப்படாத சிப்பியையே வாங்குகிறார். உள்ளே ஆணிமுத்து இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். சிப்பியை அழுகவிட்டு, கழுவி, பித்தளைச் சல்லடைகளில் சலித்து, மஞ்சாடி நிறையில் நிறுத்த பின்னரே அவர் செல்வந்தரா கடனாளியா என்பது தெரியவரும். முத்தின் முதல் விலை இக்கரையில் நம்பிக்கைக்குக் கொடுக்கப்பட்ட விலையாகவே இருந்தது.

இத்தகைய தொழிலில் கையாடலுக்கும் வழியுண்டு. 1799ஆம் ஆண்டு முத்துக்குளிப்பின் கணக்குகள் குறித்து எழுந்த சச்சரவினால் தேசாதிபதிக்கும் அவரது பிரதம செயலாளர் ஹியூ கிளெக்ஹோர்னுக்கும் இடையே உறவு முறிந்து, கிளெக்ஹோர்ன் 1800ஆம் ஆண்டு இலங்கையை விட்டு வெளியேறினார். அரிப்புக் கரையில் தாமே தங்கி யாவற்றையும் கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணம் நோர்த்துக்கு ஏற்பட்டதில் வியப்பில்லை. மாளிகையின் வடிவத்தை அவரே வரைந்தார் எனப்படுகிறது. செங்கற் சுவர்களுக்குச் சிப்பி ஓடுகளைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு பூசப்பட்டு, அது சலவைக்கல் போலப் பளபளத்தது. அக்காலத்தில் இங்கு குருவாகப் பணியாற்றிய ஜேம்ஸ் கோடினர், 1807ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் இம்மாளிகையை வெகுவாகப் புகழ்ந்துள்ளார். எமது குளியாளிகள் மூச்சடக்கி அள்ளி வந்த சிப்பியின் ஓடே அந்த மாளிகைக்கு அழகூட்டியது என்பதை நாம் மறத்தலாகாது.

வருமானம் குறைந்தபோது நோர்த்தின் நிர்வாகம் மக்களின் கழுத்தையும் காதையும் நோக்கியது. 1800ஆம் ஆண்டளவில் ஆபரணம் அணிவோர் மீது ஒரு வரி விதிக்கப்பட்டது. ஒரு தாயின் தாலியும் மகளின் தோடும் அவளுக்குச் சேகரிப்புப் பொருட்கள் அல்ல. அவை குடும்பத்தின் மானமும் ஆபத்துக் காலத்துச் சேமிப்புமாகும். இவ்வரிக்குக் கடும் எதிர்ப்புக் கிளம்பியதில் வியப்பில்லை. முத்தின் விலையை நன்கறிந்த ஆட்சியாளர், அதனை அணிந்திருப்பவரின் மனத்தை அறியவில்லை.

எனினும் நோர்த்தைக் கொடியவர் என்று மாத்திரம் எழுதிவிட்டுப் போவது நீதியாகாது. 1800ஆம் ஆண்டு நில அளவைத் திணைக்களம் அவரால் தொடங்கப்பட்டது. 1801ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் நிறுவப்பட்டது. விசாரணையில் சித்திரவதை செய்யும் வழக்கம் ஒழிக்கப்பட்டது. 1802ஆம் ஆண்டு அம்மைப்பால் குத்தும் முறை அறிமுகமானது. அதே ஆண்டில் அரசாங்க வர்த்தமானியும் வெளிவரத் தொடங்கியது. பாடசாலைகளுக்கும் அவர் ஊக்கமளித்தார்.

மறுபக்கத்தில், கண்டி இராச்சியத்தின் மகா அதிகாரம் பிலிமத்தலாவையுடன் அவர் நடத்திய இரகசியப் பேச்சுக்கள் 1803ஆம் ஆண்டுப் போரில் முடிந்தன. கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியப் படை, அரச உரிமை கோரிய முத்துசாமியை அரியணையில் அமர்த்தியது. சில மாதங்களுக்குள் அப்படை சரணடைய நேர்ந்தது. முத்துசாமி கையளிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். படையினரும் கொன்று குவிக்கப்பட்டனர். அதே ஆண்டில் வன்னியில் பண்டாரவன்னியன் கிளர்ந்தெழுந்தான். 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்த படையும் நோர்த்தின் ஆட்சிக்குரிய படையே. ஆக, அரிப்பில் மாளிகை எழுந்த அதே காலத்தில் வன்னியின் கடைசி அரசுரிமை வீழ்ந்தது. இரண்டையும் சேர்த்தே எமது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1805ஆம் ஆண்டு ஜூலையில் நோர்த் இலங்கையை விட்டுச் சென்றார். அதன் பின்னரே அவருடைய மற்றொரு வாழ்வு முழுமையாக விரிந்தது. இத்தாலியிலும் கிரேக்க நாடுகளிலும் பயணம் செய்து நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் ஓயாது வாங்கினார். 1817ஆம் ஆண்டு தமையனார் இறந்ததும் கில்போர்ட் பிரபு என்ற பட்டமும் குடும்பச் சொத்தும் அவரை வந்தடைந்தன. அக்காலம் ஐரோப்பாவில் நூல் சேகரிப்பு ஒரு வெறியாக மாறியிருந்த காலம். 1812ஆம் ஆண்டு லண்டனில் பொக்காசியோவின் நூலொன்றின் 1471ஆம் ஆண்டுப் பதிப்பு 2,260 பவுணுக்கு ஏலம் போனது. ஒரு நூலுக்கு அதுவரை எவரும் அவ்வளவு விலை கொடுத்ததில்லை. ஏழே ஆண்டுகளில், 1819ஆம் ஆண்டு, அதே பிரதி 918 பவுணுக்கு விலை போனது. நூல் மாறவில்லை, அதனை விரும்பியவர்களின் போட்டியே தணிந்திருந்தது.

ஆனால் நோர்த் விலைக்காகச் சேகரித்தவரல்லர். துருக்கியரின் ஆட்சியில் கல்விக்கூடங்களை இழந்திருந்த கிரேக்க மக்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் அமைப்பதே அவரது கனவு. பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்த கோர்புத் தீவில் 1824ஆம் ஆண்டு அயோனியன் கல்விக்கழகம் அவரது முயற்சியால் திறக்கப்பட்டது. தமது நூலகத்தையும் மாணவர் பயன்பாட்டுக்காக அங்கு கொண்டு சென்றார். பண்டைய கிரேக்கரைப் போன்று ஆடையணிந்து கல்விக்கழகத்தில் உலாவிய அவரை ஆங்கிலேயர் சிலர் எள்ளி நகையாடினர். கிரேக்கரோ அவரை நன்றியோடு நினைவுகூர்கின்றனர். கோர்புவில் அவருக்குச் சிலையும் உண்டு. மன்னாரில் வரி விதித்த கை கோர்புவில் அள்ளிக் கொடுத்தது என்பது வரலாற்றின் முரண்பாடுகளுள் ஒன்றாகும்.

1827ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி அவர் லண்டனில் காலமானார். திருமணம் செய்யாதவர், பிள்ளைகள் இல்லை. நூலகத்தைக் கல்விக்கழகத்துக்கு விட்டுச் செல்லும் எண்ணத்துடன் நிபந்தனையொன்றுடனான மரணசாசனம் எழுதியிருந்தார். கல்விக்கழகத்துக்கு அயோனியன் அரசு நிரந்தர நிதி ஒதுக்க வேண்டும் என்பதே அது. அந்த நிபந்தனை நிறைவேறவில்லை. நூல்கள் லண்டனுக்குத் திருப்பி எடுக்கப்பட்டு, 1828 முதல் 1835 வரை பகுதி பகுதியாக ஏலத்தில் விற்கப்பட்டன. கையெழுத்துப் பிரதிகளில் ஒரு பகுதி பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குச் சென்றது. மற்றொரு பெரும் பகுதியை, உலகின் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி வேண்டும் என்று ஆசைப்பட்ட சேர் தோமஸ் பிலிப்ஸ் வாங்கினார். குடும்பத்தையே கடனில் ஆழ்த்தி அவர் சேர்த்த சுமார் 60,000 கையெழுத்துப் பிரதிகளும் அவரது மறைவுக்குப் பின்னர் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சிறிது சிறிதாக விற்கப்பட்டன. வாழ்நாள் முழுவதும் சேர்த்த ஒன்று, காப்பதற்கு ஒரு நிறுவனம் இல்லாதபோது சில ஏல நாட்களில் சிதறிப் போகிறது. நோர்த்தின் வாழ்க்கை எமக்குக் கற்பிக்கும் முதன்மையான பாடம் இதுவேயாகும்.

முத்தின் கதையும் அதனின்று வேறுபட்டதன்று. 1905ஆம் ஆண்டு மன்னார்க் கடலில் நடைபெற்ற குளிப்பு அரசுக்குச் சுமார் 25 இலட்சம் ரூபாவை ஈட்டிக் கொடுத்தது. மறு ஆண்டில் பார்கள் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகையாக வழங்கப்பட்டன. சிப்பிகள் மறைந்தன, கம்பனியும் நொடித்தது. 1925ஆம் ஆண்டுக்குப் பின்னர் இக்கரை பழைய அளவிலான முத்துக்குளிப்பைக் காணவில்லை. இதற்கிடையில் ஜப்பானியரின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்து இயற்கை முத்தின் விலையைச் சரித்தது. 1917ஆம் ஆண்டு நியூயோர்க்கில் கார்டியே நகை நிறுவனம் 10 இலட்சம் டொலர் மதிப்பிடப்பட்ட இரட்டைச் சர முத்துமாலை ஒன்றைக் கொடுத்து, ஐந்தாம் வீதியில் ஒரு மாளிகையைப் பெற்றுக்கொண்டது. 1957ஆம் ஆண்டு அதே மாலை ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் டொலருக்கே விலை போனது. மாளிகையின் பெறுமதியோ பன்மடங்காகியது. பின்னர் கடலில் இயற்கை முத்து அரிதாகிவிட்டதால் பழைய முத்துக்களின் விலை மீண்டும் ஏறியது. இந்தியாவின் பரோடா மன்னர்களுக்குரியதாக இருந்த முத்துமாலை 2007ஆம் ஆண்டு சுமார் 71 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது.

இவ்விலைகளில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. ஏலக்கூடத்தில் முத்தின் வரலாறு எழுதப்படும்போது, அதனை அணிந்த அரசியின் பெயர் இருக்கும். விற்ற நகைக்காரரின் பெயர் இருக்கும். அதனைக் கடலடியிலிருந்து எடுத்து வந்த பரதவரின் பெயரோ முஸ்லிம் குளியாளியின் பெயரோ இருப்பதில்லை. யாரிடம் பதிவு இருக்கிறதோ அவரிடமே பெறுமதியும் தங்குகிறது. பதிவில்லாதவரின் உழைப்பு விலையற்றதாகி விடுகிறது.

எனவே எம்மிடம் எஞ்சியிருப்பதை நாமே பதிவு செய்து காப்பது அவசியமாகும். டொரிக் மாளிகையின் சுவர்கள் ஆண்டுக்காண்டு கடலரிப்பினால் இடிந்து வீழ்கின்றன. எந்தச் சேகரிப்பாளரும் அதனை விலைகொடுத்து வாங்கிக் காக்கப் போவதில்லை. கண்டியிலிருந்து தப்பிய றொபேர்ட் நொக்ஸ் 1679ஆம் ஆண்டு வந்தடைந்த ஒல்லாந்தர் கோட்டையும் அதே அரிப்பில்தான் உள்ளது. தொல்பொருள் திணைக்களமும் கரையோரம் பேணும் அதிகாரிகளும் இணைந்து, மண்மேட்டைத் தாங்கும் பணியைப் பிற்போடாது செய்தல் வேண்டும். குறைந்தபட்சம் எஞ்சிய சுவர்களை அளந்து, வரைந்து, படம்பிடித்து வைப்பதற்குப் பெருநிதி தேவையில்லை.

அரசின் கடமை அதுவென்றால், எமக்கும் ஒரு கடமை உண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் முசலி, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது காணி உறுதிகளையும் பாட்டனாரின் கையெழுத்துக் கிதாபுகளையும் விட்டுவிட்டே சென்றனர். போரின் வெவ்வேறு கட்டங்களில் தமிழ்க் கிராமத்தவரும் கோவிற் பதிவேடுகளையும் குடும்பப் படங்களையும் இழந்தே ஓடினர். தப்பிப் பிழைத்தவை இன்னும் சில வீடுகளில் பெட்டிகளின் அடியில் கிடக்கின்றன. குளிப்புக்குப் போன மூதாதையரைப் பற்றிய நினைவுகள் முதியோர் சிலரின் நெஞ்சில் மாத்திரமே உள்ளன. அவற்றைப் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கோவில்களும் தேவாலயங்களும் ஒன்றிணைந்து சேகரித்து, மன்னாரிலேயே ஓரிடத்தில் வைப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

நோர்த்துக்கு நூல்கள் இருந்தன, அவற்றைத் தாங்கும் நிறுவனம் இருக்கவில்லை. எமக்கோ ஊரும் நிறுவனங்களும் இருக்கின்றன; சேர்த்து வைக்கும் எண்ணமே குறைவாக உள்ளது. அந்த எண்ணம் இன்று தோன்றாவிடின், அரிப்புக் கரையில் நின்ற மாளிகையை அல்லிராணி கட்டினாளா ஆங்கிலேயர் கட்டினாரா என்று விவாதிப்பதற்குக்கூட நாளை ஒரு சுவர் எஞ்சியிராது.